காவு கேட்பது முனியா? ரோடா?

தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டு வரையில் ஜி.எஸ்.டி. ரோடு என்று சொல்லப்படுகிற பெரிய ரஸ்தாவின் இரு மருங்கிலும் உள்ள ஊர்களைச் சேர்ந்த தோழர்கள் நம்மைக் காணும்போதெல்லாம் ஒரே சங்கதியைத்தான் பேசுகிறார்கள். "ஐயா, முன்னெல்லாம் மழையில்லை, விளைச்சல் இல்லை என்பது எங்கள் குறையாயிருந்தது. இப்போது ரோட்டைத் தாண்ட முடியவில்லை என்பதே குறையாய் வந்துவிட்டது" என்கிறார்கள். பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். ரேஷன் கடை ஒரு பக்கம், சுடுகாடு ஒரு பக்கம். நடுவிலே ஆறு வழி, எட்டு வழி என்று அகன்று கிடக்கிற ரோடு. அதிலே காலை எட்டு மணிக்கு மோட்டார்கள் நகரமாட்டா; பத்து மணிக்கு மேலே மோட்டார்கள் நிற்கமாட்டா. எந்த வேளையிலும் மனிதன் தாண்ட வேளையில்லை.

இதன் காரணம் என்ன, பரிகாரம் என்ன என்று கேட்டால் ஊருக்குள்ளே மூன்று விதமான பதில் வருகின்றது. "அந்த மூலையில் முனி இருக்கிறது, அது காவு கேட்கிறது" என்பது ஒன்று. "புதிதாய் வந்து குடியேறினவர்களால் வந்த வினை" என்பது மற்றொன்று. "ரோட்டை இன்னும் அகலமாக்கிவிட்டால் எல்லாம் சரியாய்ப் போகும்" என்பது மூன்றாவது. முதலாவதைப் படிக்காதவர்கள் சொல்லுகிறார்கள். இரண்டாவதை ஊர்ப் பெரியதனக்காரர்கள் சொல்லுகிறார்கள். மூன்றாவதைப் படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் சொல்லுகிறார்கள். இந்த மூன்றும் தப்பு என்பதும், மூன்றாவதும்கூட முதலாவதைப் போன்ற ஒரு மூடநம்பிக்கையே என்பதும் நமது அபிப்பிராயம். அதற்கு நமக்குள்ள காரணங்களை இங்கு எடுத்துச் சொல்லுகிறோம். வாசகர்கள் யோசித்துப் பார்த்துத் தங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளட்டும்.

முனியின் பசி

ஒரே இடத்தில் நாலைந்து பேர் அடிபட்டுச் செத்துவிட்டால் உடனே அந்த இடத்துக்கு ஒரு முனி வந்துவிடுகிறது. பிறகு ஒரு கல் நடப்படுகிறது, கல்லுக்கு மஞ்சள் துணி, ஆடு கோழி, பூசாரிக்குத் தட்சணை, உண்டியல். அடுத்த ஆண்டு அந்தக் கல்லுக்குக் கூரை. இத்தனைக்குப் பிறகும் ஆள் சாவது நின்றதா என்று கேட்டால், "முனிக்கு இன்னும் திருப்தி வரவில்லை" என்று பதில்.

நாம் கேட்கின்றோம்: இந்த முனிக்குக் காலை எட்டு மணி முதல் பத்து மணி வரையிலும், மாலை விளக்கு வைத்த பிறகும்தான் பசியெடுக்குமா? ஆபீசுக்கும் பள்ளிக்கும் போகிற கூட்டம் ரோட்டில் நிற்கிற நேரமும், இருட்டில் ஆள் தெரியாத நேரமும் பார்த்து ஒரு முனிக்குப் பசி வருமானால் அது முனியா, போக்குவரத்துக் கணக்கா? மேலும், எந்த இடத்தில் சிக்னல் விளக்குப் போட்டார்களோ, எந்த இடத்தில் சுரங்கப்பாதை தோண்டினார்களோ, அந்த இடத்திலிருந்த முனிகள் மாத்திரம் சைவமாகிவிடுவதேன்? விளக்கைக் கண்டு பயப்படுகிற தெய்வம் என்ன தெய்வம்?

இன்னும் சிலர் முனியை நம்பாவிட்டாலும் விதியை நம்புகிறார்கள். "அவன் ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுகிறார்கள். 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ரோட்டு விபத்துகளில் செத்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்குச் சராசரி 49 பேர். இந்தியா முழுவதும் அதே ஆண்டில் 1,68,491 பேர். இதை மத்திய சர்க்காரே அச்சிட்டு வெளியிட்டிருக்கிறது. இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவிலுள்ள ரோடுகளின் மொத்த நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான். ஆனால் செத்தவர்களில் நூற்றுக்கு 36 பேர் அந்த நெடுஞ்சாலைகளில் செத்திருக்கிறார்கள். பிரம்மா தலையில் எழுதுகிறான் என்பது உண்மையானால், எந்த ரோட்டில் சாக வேண்டும் என்பதையும் பொதுப்பணிப் பிளான் பார்த்துத்தான் எழுதுகிறான் போலும்!

இது போதாதென்று, முனியைத் திருப்தி செய்வதற்காகச் செய்கிற காரியங்களே ஆளைக் கொல்லுகின்றன. ஆயுத பூசையன்று நடு ரோட்டில் பூசணிக்காயை உடைக்கிறார்கள். அந்தச் சதையில் வழுக்கி இரு சக்கர வண்டிக்காரன் விழுகிறான். "ரோட்டில் பூசணிக்காய் உடைக்காதீர்கள்" என்று வருஷந்தோறும் போலீசார் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருஷ்டி கழிப்பதற்காக ஒருவன் உடைத்த காய், திருஷ்டி என்றால் என்னவென்றே கேட்டறியாத இன்னொருவனுடைய மண்டையை உடைக்கிறது. இதுதான் நமது பக்தியின் யோக்கியதை.

ஒரு கிழவியின் கணக்கு

நிற்க. சென்ற மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை இந்த ரோட்டின் ஓரத்தில் ஒரு ஊரில் நாம் நின்றிருந்தோம். ஊரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. எல்லா ஊரும் அப்படித்தான். கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி நடுச்சுவரின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாமும் பக்கத்தில் போய் நின்றோம். கால்மணி நேரம் ஆயிற்று.

"ஏன் ஆயா, அந்தக் கோடியில் பாலம் இருக்கிறதே, அதன் மேல் ஏறிப் போகக்கூடாதா?" என்று கேட்டோம்.

"கூடையோட அம்மாம் படி எப்பிடி நைனா ஏறுவேன்? ஏறி எறங்கறதுக்குள்ள கீரை வாடிப்பூடும். புது நகருல இருக்கிற அம்மாங்க ஏழு மணிக்கு மேல போனா வாங்க மாட்டாங்க" என்றாள்.

"பயமில்லையா?"

"பயந்தா சோறு யாரு போடுவாங்க?"

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஆனால் கணக்கு இருக்கிறது. ஒரு வழிக்கு மூன்றரை மீட்டர் அகலம். ஒரு பக்கத்துக்கு நான்கு வழி என்றால் 14 மீட்டர். கூடையோடு கிழவி நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் ஒரு பக்கத்தைத் தாண்ட 14 நொடி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற மோட்டார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது; 14 நொடியில் 300 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆகவே அந்தக் கிழவி உயிரோடு அக்கரை சேர வேண்டுமானால், 300 மீட்டருக்கு அப்பால் பனியிலே வருகிற மோட்டாரைக் கண்டு, அதன் வேகத்தையும் மதித்து, அதற்குப் பிறகு காலை எடுத்து வைக்க வேண்டும். அதுவும் நான்கு வழியிலும். அதுவும் இரண்டு தரம். எஞ்சினியர் பரீட்சை தேறினவனாலும் ஆகாத இந்தக் காரியத்தைத் தினந்தோறும் இரண்டு வேளை செய்யும்படி ஒரு கிழவியை விட்டுவிட்டு, அவள் ஒரு நாள் தவறிவிட்டால் "குறுக்கே வந்து விழுந்தாள்" என்று எழுதிவிடுகிறோம். அவள் ரோட்டுக்குக் குறுக்கே வந்தாளா, ரோடு அவளுக்குக் குறுக்கே வந்ததா?

வந்தவர்கள் பேரில் கோபம்

இனி இரண்டாவது பதிலுக்கு வருவோம். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் ஆகிய இடங்களில் எல்லாம் வயலும் தோப்புமாயிருந்த நிலங்கள் இன்று நகர், என்கிளேவ், அவென்யூ என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் குடியேறினவர்கள் வண்டி வாங்கினார்கள். அந்த வண்டிகள் ரோட்டுக்கு வந்தன. அதனால் நெரிசல் என்பது வாஸ்தவம். ஆனால் அதற்காக அவர்கள் பேரில் கோபிப்பது அறிவுடைமையாகாது.

வந்தவர்கள் யார்? பட்டணத்தில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாத குமாஸ்தா, வாத்தியார், நர்சு, கம்பெனித் தொழிலாளி, தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடியானவன் மகன். நோட்டீசில் "ரோட்டிலிருந்து ஐந்தே நிமிஷம், ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிஷம்" என்று போட்டிருந்ததை நம்பி, இருபது வருஷக் கடன் வாங்கி, ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, தினம் மூன்று மணி நேரத்தை ரோட்டில் தொலைத்துக்கொண்டிருக்கிறான். அவனும் ஏமாந்தவன், ஊர்க்காரனும் ஏமாந்தவன். ஏமாந்தவர்கள் இருவர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தால் ஏமாற்றினவனுக்குத்தான் சௌகரியம்.

ஏமாற்றினவன் யார்? முதலில் மனை வியாபாரி. ஆனால் அவனை மாத்திரம் சொல்லுவது நியாயமாகாது. அவனுக்கு நிலத்தை விற்றவர்கள், இன்று "வந்தவர்களால் கேடு" என்று மேடையில் பேசுகிற அதே பெரியதனக்காரர்கள். விற்ற பணத்தில் மாடி கட்டினவர்கள் அவர்கள். விற்பதற்கு ஒரு குழி நிலமும் இல்லாமல், அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டு வயிறு கழுவினவர்களுக்கு அந்த விற்பனையில் காலணா கிடைத்ததா? இல்லை. நட்டு வந்த வயலும் போயிற்று. இன்று வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் கீரை விற்கவும் ரோட்டைத் தாண்டுகிறவர்கள் அவர்களே. லாபத்தில் பங்கில்லாதவர்களுக்குச் சாவில் மாத்திரம் முழுப் பங்கு! இதை விதி என்று எவன் சொன்னாலும், சொல்லுகிறவன் மாடியிலிருந்துகொண்டே சொல்லுகிறான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது, அனுமதி கொடுத்தவர்களின் சங்கதி. அங்கீகாரமில்லாத மனைகளை ரெஜிஸ்டர் செய்யக்கூடாது என்று 2016 இல் ஐகோர்ட் தடை போட்ட பிறகுதான், அதுவரையில் எத்தனை மனைகள் யாதொரு அனுமதியுமின்றி விற்கப்பட்டிருந்தன என்ற விஷயமே சந்திக்கு வந்தது. 2017 இல் அவற்றை வரன்முறை செய்ய ஒரு திட்டம் வந்தது. வரன்முறை என்றால் என்ன? பணம் கட்டினால் மனை சட்டப்படி மனையாகிவிடும். ஆனால் அதன் முன்னால் இருக்கிற இருபதடி ரோடு பணம் கட்டினவுடன் நாற்பதடியாகிவிடுமா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்றபோது, அடையாற்றின் படுகையில் வீடு கட்டவிட்டது யார் என்று எல்லோரும் கேட்டார்கள். தண்ணீர் வடிந்தது, கேள்வியும் வடிந்துவிட்டது. தண்ணீருக்குப் போக வழி விடாமல் மனை போட்டவர்கள், மனிதனுக்குப் போக வழி விட்டிருப்பார்களா?

அகல ரோடு என்னும் பக்தி

இனிப் படித்தவர்களின் மூடநம்பிக்கைக்கு வருவோம். "ரோட்டை அகலமாக்கு, மேம்பாலம் கட்டு, நெரிசல் தீரும்" என்பது இன்று ஒரு மதமாகவே ஆகிவிட்டது. இதற்கும் பூமி பூசை உண்டு, திறப்பு விழா உண்டு, மாலை மரியாதை உண்டு. தீராவிட்டால் "இன்னும் இரண்டு வழி போடவேண்டும்" என்கிறார்கள். முனிக்குத் திருப்தி வரவில்லை, இன்னொரு ஆடு வெட்ட வேண்டும் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நாமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரோட்டில் ஒரு வழியில் மணிக்கு ஏறக்குறைய 1,800 மோட்டார்கள் போகலாம். அதற்கு மேல் போனால் முட்டிக்கொள்ளும். ஆயிரம் வீடுள்ள ஒரு நகரில் பாதி வீட்டிலிருந்து, காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒவ்வொரு மோட்டார் புறப்படுகிறது என்று வைத்துக்கொண்டால் 500 மோட்டார். இப்படி நான்கு நகர்கள் இருந்தால் 2,000 மோட்டார். அதாவது நான்கு நகர்கள் சேர்ந்து ஒரு வழியை அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். வண்டலூரிலிருந்து தெற்கே ரோட்டுக்கு இரண்டு வழி கூட்டினார்கள் என்றால், அது எட்டு நகர்களுக்குக் காணும். ரோடு அகலமானது என்ற நோட்டீசைக் காட்டியே மனை வியாபாரி எட்டு நகர் அல்ல, பதினாறு நகர் போட்டுவிடுகிறான். ஆகவே அகலமாக்கின ரோடு நெரிசலைத் தீர்ப்பதற்குப் பதிலாக நெரிசலை அழைத்துக்கொண்டு வருகின்றது.

இது நமது சொந்தக் கற்பனை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஹூஸ்டன் பட்டணத்தில் கேட்டி என்ற ரோட்டைப் பல நூறு கோடி டாலர் கொட்டி, பக்க ரோடுகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 வழி வரையில் அகலமாக்கி 2008 இல் முடித்தார்கள். 2011 க்கும் 2014 க்கும் இடையில் அதே ரோட்டில் காலைப் பிரயாண நேரம் நூற்றுக்கு 30 பங்கும், மாலை நேரம் நூற்றுக்கு 55 பங்கும் கூடிற்று. டுராண்டன், டர்னர் என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் அமெரிக்கப் பட்டணங்களின் ரோட்டுக் கணக்குகளை எல்லாம் எடுத்துப் பார்த்து, ரோடு எந்த விகிதத்தில் நீளுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் மோட்டார் ஓட்டமும் கூடிவிடுகிறது என்று 2011 இல் எழுதிவிட்டார்கள். பணமும் பூமியும் வேண்டிய மட்டும் உள்ள அமெரிக்காவிலேயே பலிக்காத மந்திரம் கூடுவாஞ்சேரியில் பலிக்குமா?

அன்றியும், நம்மவர்களுக்கு இந்த விஷயத்தில் அமெரிக்கா வரையில் போகவேண்டிய அவசியமும் இல்லை. 1931 இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் விடப்பட்டது. ரயில் முன்னே வந்தது; வீடுகள் பின்னே வந்தன. குரோம்பேட்டையும் தாம்பரமும் பெருத்தது அந்த ரயிலைப் பிடித்துக்கொண்டுதான். ஒரு புறநகர் ரயிலில் இரண்டாயிரம் பேருக்கு மேல் போகிறார்கள். அந்த இரண்டாயிரம் பேரும் மோட்டாரில் ஏறினால் ரோட்டில் ஒரு வழி ஒரு மணி நேரம் முழுவதும் நிரம்பிவிடும். ஒரு ரயில் செய்கிற வேலை இது. தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பு தெரிந்திருந்த இந்தப் புத்தி இன்று எங்கே போயிற்று? 2023 டிசம்பர் 30 இல் கிளாம்பாக்கத்தில் சுமார் 88 ஏக்கரில், ஏறக்குறைய 394 கோடி ரூபாய்ச் செலவில் பெரிய பஸ் நிலையம் திறந்தார்கள். பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது. ஆனால் திறந்த அன்று அங்கு ஒரு ரயில் ஸ்டேஷன் இல்லை. ரோட்டைத் தாண்டி ரயிலுக்குப் போக ஒரு நடைபாலம் இல்லை. கோயம்பேட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தென் மாவட்டங்களின் பஸ்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். இறங்கின ஜனங்கள் பெட்டியும் குழந்தையுமாய் இதே ரோட்டில்தான் நின்றார்கள். விமான நிலையத்தில் 2016 இல் வந்து நின்ற மெட்ரோ ரயிலைச் சுமார் 15 கிலோமீட்டர் நீட்டிக் கிளாம்பாக்கத்துக்குக் கொண்டுவருவது என்ற பேச்சோ வருஷக்கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது. கல்யாணம் முடிந்த பிறகு பெண் பார்க்கப் போவதுபோல் இருக்கிறது காரியம்.

ரோட்டிலும் ஒரு வருணாசிரமம்

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ரோட்டிலும் மேல்சாதி, கீழ்சாதி என்று ஒரு ஏற்பாடு நடந்து வருவது தெரியும். மோட்டாரில் போகிறவன் முதல் வருணம், அவனுக்காகவே ரோடு. பஸ்ஸில் போகிறவன் அடுத்தவன். இரு சக்கர வண்டிக்காரன் அதற்கும் அடுத்தவன். சைக்கிள்காரன், நடந்து போகிறவன் ஆகியோர் பஞ்சமர்கள். அவர்களுக்கு ரோட்டில் இடமில்லை, ஓரத்தில் போகவேண்டும், ஓரத்திலும் சாக்கடை மூடி திறந்திருக்கும். மோட்டார்காரன் அரை நிமிஷம் நிற்கக்கூடாது என்பதற்காக நடப்பவன் நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்கவேண்டும் என்றால், இது யாருக்காகச் செய்யப்பட்ட தர்மம்?

இதன் பலனையும் சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. 2022 இல் ரோட்டில் செத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிக்காரர்கள். நூற்றுக்கு 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். ஆக மூன்றில் இரண்டு பங்குக்குச் சமீபமானவர்கள் இந்த இரண்டு வகுப்பார். நாம் மோட்டார்காரர்களுக்கு விரோதிகள் அல்ல. மோட்டாரில் வருகிறவனும் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி இறங்கின மறு நிமிஷம் பஞ்சமனாகிவிடுகிறான். அவனுடைய தாயும் மருந்துக் கடைக்கு நடந்துதான் போகிறாள். ஆகவே இது அவனுக்கும் சேர்த்துச் சொல்லுகிற பேச்சு.

என்ன கேட்பது? எங்கே கேட்பது?

குறை சொல்லிவிட்டுப் போவது நமது வழக்கமல்ல. ஊர்க்காரர்களும் நகர்க்காரர்களும் சேர்ந்து கேட்க வேண்டியவை சில உண்டு.

ஒன்று, ஜனங்கள் எங்கே தாண்டுகிறார்களோ அங்கே தாண்ட வழி வேண்டும். எஞ்சினியருக்குச் சௌகரியமான இடத்தில் அல்ல. தரை மட்டத்தில் சிக்னல், அல்லது வெளிச்சமும் காற்றுமுள்ள சுரங்கப்பாதை. பாலந்தான் என்றால் ஓடுகிற லிப்டு. ஊர்களுக்குள்ளே வேகம் குறைய வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதைவிட 65 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் நடப்பவன் சாவதற்கு இடம் நாலரை மடங்கு கூடிவிடுகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் மிச்சப்படுவது சில நிமிஷம், போவது உயிர்.

இரண்டு, இரு பக்கத்திலும் அறுபடாத சர்வீஸ் ரோடு வேண்டும். அது கடைக்காரனுடைய முன்வாசலும் லாரி நிறுத்துமிடமும் ஆகிவிடக்கூடாது.

மூன்று, நகருக்கு நகர் உள்வழி வேண்டும். இன்று ஒவ்வொரு நகரும் நாலு பக்கமும் மதிற்சுவரை எழுப்பிக்கொண்டு ஒரே ஒரு வாசலைப் பெரிய ரோட்டுக்குத் திறந்து வைத்திருக்கிறது. அடுத்த நகரில் இருக்கிற பள்ளிக்குப் போக, குழந்தை நெடுஞ்சாலைக்கு வந்து திரும்பவேண்டும். பால் வாங்கப் போகிறவனும் திருச்சிக்குப் போகிற லாரியும் ஒரே ரோட்டில் ஓடினால் நெரிசல் வராமல் என்ன வரும்? அக்கிரகாரத்தைச் சுற்றி மதில் இருந்த காலம் போய், இப்போது ஒவ்வொருவனும் தன்னைச் சுற்றி ஒரு மதிலைக் கட்டிக்கொள்ளுகிறான். அந்தச் சுவர்களில் வாசல் திறந்தாலே ரோட்டின் பாரம் பெரும்பகுதி குறையும்.

நான்கு, ரயில் ஸ்டேஷனுக்கும் நகர்களுக்கும் சிறு பஸ்கள் ஓட வேண்டும்; ரயில்கள் அடிக்கடி வரவேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு ஆயிரம் வீட்டுக்கு அனுமதி கொடுப்பவர்கள், அந்த ஆயிரம் வீட்டு ஜனங்களும் எப்படிப் போய் வருவார்கள் என்று எழுதி ஒட்டவேண்டும்.

"இப்படியெல்லாம் சொன்னால் வளர்ச்சி நின்றுபோகுமே" என்று சிலர் கேட்பார்கள். வீடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வீட்டைக் கட்டிவிட்டுப் பிறகு வாசல் வைக்க இடம் தேடுகிறவனைக் கண்டால் சிரிக்கிறோமே, ஊரைக் கட்டுகிறவர்களும் அப்படிச் செய்யக்கூடாது என்றுதான் சொல்லுகிறோம். சென்னைப் பெருநகர்த் திட்டப் பிரதேசம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்ததை 2022 இல் 5,904 சதுர கிலோமீட்டராக்கினார்கள். எல்லைக்கோட்டை ஐந்து மடங்கு நீட்ட ஒரு உத்தரவு போதும். வழியை நீட்ட யோசனை வேண்டும்.

எங்கே கேட்பது? கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மிட்டாய் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கல்ல அந்தச் சபை. நகராட்சி, மாநகராட்சிகளிலும் 2022 முதல் ஏரியா சபைக்கு விதி இருக்கிறது. அங்கே தீர்மானம் போடுங்கள். மனையும் மாடியும் கட்டுகிறவர்களிடம் அடிப்படை வசதிக்காக என்று கட்டணம் வசூலிக்கப்படுகிறது. நமது பகுதியில் எவ்வளவு வசூலாயிற்று, அதில் நமது ரோட்டுக்கு எவ்வளவு செலவாயிற்று என்று தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முனிக்கு வெட்டுகிற கோழியைவிட இது மலிவு; சட்டப்படி பதிலும் வரவேண்டும். மேலும், ரோட்டை ஒழுங்கான முறைப்படி அமைக்காததனால் சாவு நேர்ந்தால், அமைத்த கண்டிராக்டரும் அதிகாரியும் பொறுப்பாளிகள் என்றும், ஒரு லட்சம் ரூபாய் வரையில் அபராதம் என்றும் 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். அதை எத்தனை பேர் அறிவார்கள்? விபத்து நடந்த இடத்தில் கல் நட்டு மஞ்சள் துணி கட்டுவதற்குப் பதிலாக, அதே இடத்தில் ஒரு பலகை நட்டு, இந்த இடத்தில் இத்தனாம் தேதி முதல் இத்தனை பேர் செத்தார்கள், இந்த ரோட்டுக்கு இன்ன அதிகாரி பொறுப்பு என்று எழுதி வைத்துப் பாருங்கள். முனி ஓடுகிறதோ இல்லையோ, எஞ்சினியர் ஓடிவருவார்.

தோழர்களே! ஒரு காலத்தில் "இந்தத் தெருவில் நீ நடக்காதே" என்று சொன்னார்கள். ஏன் நடக்கக்கூடாது என்று கேட்டவர்களால்தான் இன்று நடக்கிறோம். இன்று யாரும் வாயால் அப்படிச் சொல்லுவதில்லை. ரோட்டையே அப்படிப் போட்டுவிடுகிறார்கள். கேள்வி மாத்திரம் அதேதான்: பொது ரோடு என்றால் அந்தப் பொதுவில் கீரைக் கூடைக்காரி சேர்த்தியா, இல்லையா? சேர்த்தியானால் அவள் பயமில்லாமல் தாண்டுவதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு எட்டு வழியோ பத்து வழியோ போட்டுக்கொள்ளட்டும். சேர்த்தியில்லை என்றால் அதை வெளிப்படையாக எழுதி ரோட்டில் ஒட்டட்டும். அதற்குரிய பதிலை ஜனங்கள் கொடுப்பார்கள்.